மூங்கில் கோலும் சால்மன் மீனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காடு அடிவாரத்தில் உள்ள என் சிறிய பட்டறையில், பிளந்த மூங்கிலைக் கொண்டு ஃப்ளை தூண்டில் கோல்கள் செய்து வருகிறேன். முள்ளின்மேல் இறகும் பட்டுநூலும் கட்டிச் செய்யும், எடையே இல்லாத போலிப் பூச்சிக்கு ஃப்ளை என்று பெயர். அதற்கு எடை இல்லாததால் அதைத் தனியாக எறிய முடியாது. கனமான தூண்டில் கயிற்றை வீசி, அந்த வீச்சோடு ஃப்ளையைத் தண்ணீரில் கொண்டுபோய் இறக்க வேண்டும். பட்டறைக்கு வருகிறவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு, நானே செய்தும் பிடித்தும் தெரிந்துகொண்ட அளவில் இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

சேர்வராயன் மலையில் சால்மன் கிடைக்குமா?

கிடைக்காது. இந்திய ஆறு எதிலும் சால்மன் இயற்கையாக இல்லை. அது வட அட்லாண்டிக், வட பசிபிக் கடல்களையும் அவற்றில் கலக்கும் குளிர்ந்த ஆறுகளையும் சேர்ந்த மீன். ஆற்றுக் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிலிருந்து வெளிவந்து, சில காலம் அங்கேயே வளர்ந்து, பிறகு கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிடும் பருவத்தில் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிறது. மீன் கடைகளில் இந்தியன் சால்மன் என்ற பெயரில் விற்பது நம் கடற்கரைக் காலா மீன். மார்புத் துடுப்புக்குக் கீழே நூல் போன்ற இழைகள் தொங்குவதைக் கொண்டே அதை அடையாளம் காணலாம். அதற்கும் சால்மனுக்கும் உறவு இல்லை. நமக்கு அருகில் இருக்கும் உண்மையான உறவினர் என்றால் நீலகிரியின் டிரவுட் மீன்தான். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து ஓடைகளில் விடப்பட்ட அந்த மீன் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது.

பிறகு ஏன் சேலத்தில் இருந்துகொண்டு சால்மன் கோல் செய்கிறீர்கள்?

இந்தக் கேள்வியில் சில சமயம் ஒரு சந்தேகம் தொனிக்கும், அது நியாயமானதே. மீன் அங்கே இருந்தாலும், அதைப் பிடிக்கும் கோலின் பழைய வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு என்பதுதான் என் பதில். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிளந்த மூங்கில் கோல் செய்தவர்கள் பயன்படுத்தியது கல்கத்தா மூங்கில். கல்கத்தாத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர் வந்தது. அது நாம் கல் மூங்கில் என்று சொல்லும் இனம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. சேர்வராயன் மலைச் சரிவிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளிலும் வளர்வது அதே கல் மூங்கில்தான். அப்படிக் கப்பலேறிய கழிகளில் ஆங்காங்கே தீயால் சுட்ட கறுப்புத் தழும்புகள் இருந்தன என்று அக்காலக் கோல்களை ஆராய்ந்தவர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் துப்பாக்கி செய்துவந்த சாமுவேல் பிலிப்பி 1840களில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தபோதும், மெய்ன் மாநிலத்தின் பாங்கரில் ஹைரம் லெனார்ட் ஆறு மூங்கில் பத்தைகளை ஒட்டிச் செய்யும் கோலை 1870களில் பெரும் தொழிலாக வளர்த்தபோதும், உலகின் நல்ல கோல்களுக்கு மூங்கில் போனது நம் பக்கத்திலிருந்துதான். மூங்கில் மட்டுமா? பழைய சால்மன் ஃப்ளைகளின் கன்னத்தில் பளபளத்த இறகு தென்னிந்தியக் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கல் மூங்கில் நல்லதா, சீன மூங்கில் நல்லதா?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல் செய்கிறவர்கள் கல்கத்தா மூங்கிலை விட்டுவிட்டு டோங்கின் மூங்கிலுக்கு மாறினார்கள். டோங்கின் என்பது வியட்நாமின் வட பகுதிக்குரிய பெயர். ஆனால் மூங்கில் விளைவதோ சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில். வணிகர்கள் வைத்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. அந்த மூங்கிலின் தண்டு நேராக இருக்கும். கணு அதிகம் புடைத்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோலை ஒட்டிய நார்கள் அடர்த்தியாகவும் ஒரே சீராகவும் இருக்கும். 1950ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்குத் தடை விதித்தபோது அங்கே பல பட்டறைகள் தடுமாறின. கண்ணாடி நார்க் கோல்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பத்துக் கல் மூங்கில் கழிகளைப் பிளந்தால் இரண்டோ மூன்றோதான் கோலுக்குத் தேறுகின்றன. டோங்கினில் அந்த விகிதம் தலைகீழ். ஆனால் தேறிய அந்த இரண்டு கழிகளின் நார் மிகவும் உறுதியானது. சோதிப்பது எளிது. கழியின் குறுக்குவெட்டை உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். நார் முனைகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். தோலுக்கு அருகே புள்ளிகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஒரு கரிய கோடு போலத் தோன்ற வேண்டும். உள்ளே போகப் போக அவை விலகி, வெளிறிய சோற்றுப் பகுதிக்குள் சிதறும். அந்தக் கரிய பட்டை 3 மி.மீ. அகலமாவது இருந்தால் கழியை எடுத்துக்கொள்கிறேன். குறைந்தால் கூடை முடைபவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

12 அடிக்கு மேற்பட்ட சால்மன் கோல் செய்ய நினைக்கும் புதியவர்கள் டோங்கின் மூங்கிலில் தொடங்குவது நல்லது. கல் மூங்கிலின் குணம் பிடிபட நாள் ஆகும். என்றாலும் அந்த வேலையில் கிடைக்கும் நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கழியை எப்போது வெட்ட வேண்டும்? காட்டில் வெட்டிக்கொள்ளலாமா?

காப்புக்காட்டில் அனுமதியின்றி ஒரு கழி வெட்டினாலும் குற்றம். பட்டா நிலத்தில் வளர்ப்பவர்களிடம் விலை கொடுத்து வாங்குங்கள். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை இந்திய வனச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கிவிட்டதால், தோட்டத்தில் வளர்ப்பவர்களுக்கு இப்போது தயக்கம் குறைந்திருக்கிறது.

மூன்று, நான்கு வயதான கழியே ஏற்றது. அந்த ஆண்டு முளைத்த கழி பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். ஆனால் காய்ந்தால் சுருங்கும். மழை ஓய்ந்து குளிர் தொடங்கிய பிறகு, புதிய குருத்து விடுவதற்கு முன் வெட்ட வேண்டும். அப்போது தண்டில் மாவுச்சத்து குறைவாக இருப்பதால் வண்டு துளைத்து உளுத்துப் போவது குறைகிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்பார்கள்; நானும் அப்படியே செய்கிறேன்.

மூங்கில் கழியை அப்படியே கோலாகப் பயன்படுத்தினால் என்ன? ஏன் பிளக்க வேண்டும்?

மேட்டூர் அணைக்கரையில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் முழுக்கழியே போதும். ஃப்ளை வீசுவதற்கு அது போதாது. கழியின் வலிமை முழுவதும் தோலை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. நடுவில் வெற்றிடமோ சோற்றுப் பகுதியோதான். அந்த மெல்லிய அடுக்கை மட்டும் பத்தைகளாக எடுத்து, ஒவ்வொரு பத்தையையும் 60 பாகைக் கோணங்கள் கொண்ட முக்கோணமாக இழைத்து, ஆறு பத்தைகளைத் தோல் வெளியே இருக்கும்படி சேர்த்து ஒட்டினால், அறுகோண வடிவில் உள்ளீடற்ற இடமே இல்லாத ஒரு கோல் கிடைக்கிறது. அடியிலிருந்து நுனிவரை எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். இயற்கையான கழி அந்த உரிமையைத் தருவதில்லை.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

கோலின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. தடிமன் 10 விழுக்காடு கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடிவிடும். என் 12 அடிக் கோலின் நுனி 2.4 மி.மீ.; அதாவது ஒவ்வொரு பத்தையின் உயரம் 1.2 மி.மீ. பத்தைக்கு 0.05 மி.மீ. கூடுதலாக விட்டுவிட்டால் கோல் 2.5 மி.மீ. ஆகி, நுனியின் விறைப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு ஏறிவிடுகிறது. தலைமுடியின் தடிமன் அளவுகூட இல்லாத ஒரு பிழை, வீச்சின் குணத்தையே மாற்றிவிடும். ஆகவே வெர்னியர் அளவுகோல் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால் பிளத்தல், கணு சமன்செய்தல், இழைத்தல், சூடேற்றுதல், மீண்டும் இழைத்தல், ஒட்டுதல், வார்னிஷ் பூசுதல். ஆனால் இவற்றில் சிலவற்றை விரிவாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மூங்கிலை ரம்பத்தால் அறுக்கக் கூடாது. கத்தியால் பிளக்க வேண்டும். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். பிளந்தால் பிளவு நாரின் வழியே ஓடும். பிளவு ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கினால் தடித்த பக்கத்தை அதிகமாக வளைத்துப் பிடிக்க வேண்டும். அப்போது பிளவு தானாக நடுவுக்குத் திரும்பும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த வெளிநாட்டுக் கைவினைஞரும் அல்லர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெருவோரம் உட்கார்ந்து கூடை முடையும் ஒரு அம்மா. கால் பெருவிரலில் பத்தையை மாட்டிக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே, ஒரே இழுப்பில் ஆறடி நீளப் பத்தையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

கணுவில் நார் நெளிந்து போவதால் அங்கேதான் கோல் முறியும். வெளிப்புடைப்பை அரத்தால் தேய்த்து, சாராய விளக்கில் சூடுகாட்டி, இளகியதும் வைஸில் வைத்து அழுத்தி நேராக்குகிறேன். ஆறு பத்தைகளின் கணுக்களும் ஒரே இடத்தில் வராதபடி முன்னும் பின்னும் நகர்த்தி அடுக்குவது மிக அவசியம்.

இழைப்பதற்கு முக்கோணப் பள்ளம் கொண்ட இரும்பு அச்சு ஒன்று வேண்டும். அடி முதல் நுனி வரை பள்ளத்தின் ஆழத்தைத் திருகுகளால் கூட்டிக் குறைக்கலாம். பத்தையை அதில் கிடத்தி, இழைப்புளியால் உட்பக்கங்கள் இரண்டை மட்டும் மாற்றி மாற்றி இழைக்க வேண்டும். தோல் பக்கத்தை ஒருபோதும் இழைக்கக் கூடாது. கோலின் உயிரே அங்கேதான். மூங்கிலில் மணற்சத்து இருப்பதால் கத்தி விரைவில் மழுங்கும். எனக்கு இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசாரி, "சத்தத்தக் கேளு கண்ணு. சர்ருன்னு போனா சரி. கீச்சுன்னா நிறுத்திட்டுத் தீட்டு" என்பார். இன்றும் கண்ணைவிடக் காதையே நம்பி இழைக்கிறேன்.

இறுதி இழைப்புக்கு முன் பத்தைகளைக் கட்டி, சுமார் 180 பாகை செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்கள் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி நார் விறைக்கும். பொரி வறுக்கும் வாசனை எழுந்து, தோல் வெளிர் தேன் நிறத்துக்கு வரும்போது எடுத்துவிடுகிறேன். கரிந்த வாசனை வந்துவிட்டால் அந்தக் கட்டு வீண். நார் நொறுங்கும் தன்மையை அடைந்திருக்கும்.

எந்தப் பசை நல்லது?

பழைய கோல்களை ஒட்டியது தச்சர்களின் வஜ்ஜிரப் பசை. நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரம் பட்டால் இளகும். சால்மன் ஆற்றிலோ நாள் முழுதும் மழையிலும் நீரிலும் நிற்க வேண்டும். ஆகவே கடினமாக்கி கலந்து ஒட்டும் எபாக்சி பசையை நான் பயன்படுத்துகிறேன்.

ஒரு எச்சரிக்கை. நான் செய்த மூன்றாவது கோலுக்கு ஒரு கடையில் வாங்கிய பசையின் கடினமாக்கி, பழையதாகிக் கெட்டுப்போனது. டப்பாவின்மேல் வேறு தேதி ஒட்டியிருந்தார்கள். ஒட்டியபோது எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு பனிமூட்டக் காலையில் வீசிப் பார்த்தபோது, கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் தொலைவில் 'டிக்' என்று மெல்லிய ஓசை கேட்டது. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பத்தைகளுக்கு நடுவே நகம் இறங்கியது. 90 மணி நேர உழைப்பு. அன்று முதல் ஒவ்வொரு புதிய டப்பாவையும் முதலில் இரண்டு துண்டுப் பத்தைகளில் ஒட்டி, ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, முறித்துப் பார்த்த பிறகே கோலில் பயன்படுத்துகிறேன். முறிந்தால் மூங்கில் முறிய வேண்டும். பசைக்கோடு பிரியக் கூடாது.

பூண், பட்டுநூல் எல்லாம் எங்கே கிடைக்கும்?

கோலின் பகுதிகளை இணைக்கும் பூண், ஜெர்மன் சில்வர் என்று நாம் சொல்லும் உலோகத்தால் செய்யப்படுகிறது. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த சேலத்தில் நுணுக்கமாகக் கடைந்து கொடுக்கும் கைகளுக்குக் குறைவில்லை. ஆணும் பெண்ணுமாக வரும் இரண்டு துண்டுகளும், பிரிக்கும்போது 'பொக்' என்று காற்று விடும் அளவுக்குப் பொருந்த வேண்டும்.

கயிறு ஓடும் வளையங்களைப் பட்டுநூலால் சுற்றிக் கட்ட வேண்டும். வெண்பட்டுக்குப் பெயர்போன ஊரில் இருப்பதால் நான் வெள்ளை நூலையே எடுத்துக்கொள்கிறேன். வார்னிஷ் முதல் பூச்சு பட்ட உடனே அந்த வெண்மை மறையத் தொடங்கும். இரண்டாவது பூச்சில் நூல் கண்ணாடிபோல் ஆகி, அடியில் உள்ள மூங்கிலின் நார்க்கோடுகள் தெரியும். நூல் இருப்பதே விரலால் தடவினால்தான் புலப்படும். வண்ண நூல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டிய பிறகு பெரும்பாலோர் மனம் மாறிவிடுகிறார்கள்.

வார்னிஷ் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் வெண்படலம் படியும்.

கார்பன் கோல் இருக்கும்போது மூங்கில் எதற்கு?

தொலைவாக வீசுவதே நோக்கமானால் கார்பன் கோலை வாங்குங்கள். எடை குறைவு, விலையும் ஒப்பீட்டளவில் குறைவு, பராமரிப்பு எளிது. என் 12 அடி மூங்கில் கோல், கயிறு சுற்றும் ரீல் இல்லாமலே 370 கிராம். அதே நீளக் கார்பன் கோல் அதில் பாதிதான் இருக்கும். மாலைக்குள் தோள் வலிக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

மூங்கிலின் சிறப்பு அதன் நிதானம். வளைந்த கோல் நிமிர்வதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. வீசுகிறவரும் அந்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கயிற்றின் எடை அடிப்பகுதி வரை இறங்கி ஏறுவதை உள்ளங்கை உணர்கிறது. சால்மன் பிடிப்பதில் இந்த நிதானம் எவ்வளவு உதவுகிறது என்பதைக் கீழே மீன் கடிக்கும் தருணத்தைப் பற்றிய விடையில் சொல்லியிருக்கிறேன். மூங்கிலைத் தேர்ந்தெடுக்க எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஒரு கைக் கோலா, இரு கைக் கோலா?

அகன்ற ஆறுகளில் 12 முதல் 15 அடி வரையிலான இரு கைக் கோல். சிறிய ஆறுகளில் 9 அடிக்கு மேற்பட்ட ஒரு கைக் கோலே போதும்.

சால்மன் ஆற்றுக்கு வந்தபின் எதையும் தின்பதில்லை என்கிறார்களே. பிறகு ஏன் ஃப்ளையைக் கடிக்கிறது?

தின்பதில்லை என்பது உண்மை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே மாதக்கணக்கில் ஆற்றில் வாழ்கிறது; வயிற்றை அறுத்துப் பார்த்தால் வெறுமையாக இருக்கும். அப்படியும் ஏன் கடிக்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன: கடலில் இரை துரத்திய பழக்கம், குஞ்சுப் பருவத்தில் பூச்சி பிடித்த நினைவு, தன் இடத்துக்குள் வந்ததை விரட்டும் சினம். நான் பார்த்த கடிகளில் பெரும்பாலானவை ஃப்ளை மீனைத் தாண்டி நழுவிப் போகும் அந்தக் கணத்தில் நிகழ்ந்தவை. ஆகவே விரட்டும் குணத்தின் பக்கமே நான் சாய்கிறேன். பசியில்லாத மீனைப் பிடிக்க முயல்கிறோம் என்பதை மனத்தில் வைத்தால், நாள் முழுதும் ஒரு கடி கூட இல்லாமல் போவதில் வியப்பு இருக்காது.

மீன் கடித்ததும் சுண்ட வேண்டுமா?

கூடாது. நம் ஊர்த் தூண்டில்காரர்கள் அங்கே போய்ச் செய்யும் முதல் பிழையும் இதுதான், நானும் செய்தேன்.

நம் குளங்களில் தக்கை அமிழ்ந்ததும் கையைச் சுண்டிப் பழகியவர்கள் நாம். ஜிலேபிக்கு அது சரி. சால்மன் ஆற்றில் ஃப்ளையைக் குறுக்காகவும் சற்றுக் கீழ்நோக்கியும் வீசி, நீரோட்டம் அதை வில்போல வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவரும்படி விட வேண்டும். மீன் கீழிருந்து எழுந்து, ஃப்ளையை வாயில் எடுத்து, திரும்பித் தன் இடத்துக்கு இறங்குகிறது. அது திரும்பும்போதுதான் முள் வாயோரத்தில் பதிகிறது. திரும்புவதற்கு முன் சுண்டினால், திறந்த வாயிலிருந்து முள்ளை நாமே உருவிவிடுகிறோம்.

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் என் மூன்றாம் நாள் மாலை. இடுப்பளவு நீரில் நின்றிருந்தேன். கயிறு பாதி வளைவில் வந்தபோது, கல்லில் சிக்கியதுபோல நின்றது. என் கை தானாக மேலே போயிற்று. ஒரு கனம் தெரிந்தது. பிறகு எதுவும் இல்லை. ஆற்றை அறிந்து வழிகாட்டும் உள்ளூர்க்காரரை அங்கே கில்லி என்கிறார்கள். என்னோடு வந்திருந்த கில்லி ஒன்றும் சொல்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று என் கையில் இருந்தது இரவல் வாங்கிய விறைப்பான கார்பன் கோல். மறுநாள் என் மூங்கில் கோலை எடுத்துக்கொண்டேன். அதே இடத்தில், அதே போலக் கயிறு நின்றது. இந்த முறை நான் கையைக் கட்டுப்படுத்தினேன் என்று சொல்வது முழு உண்மையாகாது. என் கை அசைந்ததுதான், ஆனால் கோல் அந்த அசைவைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மெல்ல வளைந்தது. அந்த இடைவெளிக்குள் மீன் திரும்பிவிட்டது. ரீல் ஓடத் தொடங்கிய பிறகுதான் கோலை உயர்த்தினேன்.

ஃப்ளைக்குக் காட்டுக்கோழி இறகு நம் காட்டில் கிடைக்குமே?

கிடைக்கும், எடுக்கக் கூடாது. சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகைச் சொட்டியது போன்ற மஞ்சளும் வெண்மையுமான புள்ளிகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் ஜாக் ஸ்காட் போன்ற அலங்கார சால்மன் ஃப்ளைகளில் மீனின் கண்ணைப் போலத் தோன்றுவதற்காக அந்த இறகைக் கட்டினார்கள். அந்தத் தேவைக்காக நம் காடுகளிலிருந்து ஏராளமான சேவல்கள் கொல்லப்பட்டன என்பதை நினைக்க எனக்கு வேதனையாக இருக்கிறது. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அந்தப் பறவையைக் காக்கிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் விடியற்காலையில் அதன் கூவலைக் கேட்கலாம், அது போதும். நாட்டுக்கோழி இறகில் வண்ணப்புள்ளி வைத்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் கருமயிர் மட்டும் கட்டிய எளிய ஃப்ளைகளுக்கும் சால்மன் அதே அளவு கடிக்கிறது.

இங்கே எப்படிப் பழகுவது?

இரு கைக் கோலுக்கான ஸ்பே வீச்சு, அந்த ஆற்றின் பெயரையே கொண்டது. பின்னால் மரமோ மேடோ இருக்கும் இடத்தில், கயிற்றைப் பின்புறம் முழுதாக நீட்டாமல், நீரின்மேல் சற்றே ஊன்றவைத்து முன்னே உருட்டிவிடும் முறை அது. நீரின் பிடி இல்லாமல் அந்த வீச்சு அமையாது. ஆகவே புல்தரையில் பழகுவதில் பயன் குறைவு. காப்பித் தோட்டத்துப் பண்ணைக்குட்டை ஒன்று, பின்னால் சில்வர் ஓக் மரங்கள், உரிமையாளரின் அனுமதி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். முதல் மாதம் முள் வேண்டாம். கயிற்றின் நுனியில் கட்டும் நைலான் நரம்பின் முனையில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்பு, விழும் இடமும் தெளிவாகத் தெரியும்.

எங்கே, எப்போது போகலாம்?

நான் அறிந்தது ஸ்காட்லாந்து. அங்கே சால்மன் பிடிக்கும் உரிமை தனியாருடையது. ஆற்றின் ஒரு பகுதிக்கு நாள்கணக்கில் கட்டணம் செலுத்தி, எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டும். ஸ்பே ஆற்றில் பருவம் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் சால்மன் பிடிப்பது சட்டப்படி தடை. பயணத் திட்டம் போடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும் வசந்தத்தின் தொடக்கத்தில் அமிழும் கயிறும் பெரிய ஃப்ளையும், நீர் 10 பாகைக்கு மேல் போன பிறகு மிதக்கும் கயிறும் சிறிய ஃப்ளையும் பொருந்தும். மழை வெள்ளம் வடியத் தொடங்கிய மறுநாள் கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

மூன்று பகுதிக் கோலானால் 12 அடி என்பது நான்கடியாகச் சுருங்கும். கெட்டியான குழாயில் போட்டு, விமானத்தில் பதிவு செய்யும் சாமானாகவே அனுப்ப வேண்டியிருக்கும். நீளத்துக்கான விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்த மீனைக் கொண்டுவரலாமா?

விட்டுவிடுங்கள். ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் ஸ்காட்லாந்தில் பிடிக்கும் ஒவ்வொரு சால்மனையும் சட்டப்படியே விட வேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் ஆற்றின் நிலையைப் பொறுத்து விதி மாறும். சட்டம் அனுமதித்தாலும் நான் விடவே சொல்வேன். 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அட்லாண்டிக் சால்மனை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக வகைப்படுத்தியது. 2006க்கும் 2020க்கும் இடையே உலக அளவில் அதன் எண்ணிக்கை 23 விழுக்காடு குறைந்திருக்கிறது. பிரிட்டன் ஆறுகளின் சால்மன் அழியும் நிலையில் உள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைத் தேய்த்து நீக்கிய தூண்டில் முள்ளைப் பயன்படுத்துங்கள். மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமல், நனைத்த கையால் தாங்கி, தலை நீரோட்டத்தை நோக்கி இருக்கும்படி பிடித்திருங்கள். உங்கள் கையில் அதன் வால் வலுப்பெறுவதை உணர்வீர்கள். ஒரு உதறலில் தானாகப் போய்விடும்.

பெரிய மீன் மூங்கில் கோலை முறித்துவிடாதா?

சரியாகச் செய்த கோலை மீன் முறிப்பதில்லை; கார் கதவுதான் முறிக்கும். 1922 அக்டோபர் 7ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண்மணி பிடித்த 64 பவுண்டு சால்மன், அதாவது 29 கிலோ, பிரிட்டனில் தூண்டிலில் பிடித்தவற்றுள் இன்றும் மிகப் பெரியது. அது ஃப்ளையில் விழவில்லை, மீன் இரையில் விழுந்தது. ஆனால் கார்பனும் கண்ணாடி நாரும் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடிக் கரை சேர்த்த மீன் அது. கோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து முழு எடையையும் நுனிக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. கோலைச் சாய்த்து, அடிப்பகுதி வேலை செய்யும்படி பிடியுங்கள்.

சேலம் வெயிலில் கோல் கெடுமா?

மூடிய காருக்குள் விட்டால் கெடும். பசை இளகிப் பத்தைகள் நழுவலாம். ஈரத்தோடு குழாயில் போட்டு மூடுவதும் அதே அளவு கேடு. துணியால் துடைத்து, ஒரு நாள் காற்றில் வைத்து, துணிப்பையில் போட்டுச் சுவரில் தொங்கவிடுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் வளைவு நிரந்தரமாகிவிடும். பெரிய மீனோடு போராடும்போது நடுவில் ஒருமுறை கோலைத் திருப்பி, ரீல் மேலே இருக்கும்படி பிடித்தால் ஒரே பக்கம் வளைவு தங்காது.

பூண் இறுகிப் பிரியவில்லை. என்ன செய்யலாம்?

முறுக்காதீர்கள், குறடும் வேண்டாம். முறுக்கினால் பூணுக்குள் மூங்கில் பிளக்கும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஆண் பூணின்மேல் ஐந்து நிமிடம் வைத்துக் குளிரவையுங்கள். பிறகு கோலை முழங்கால்களுக்குப் பின்னால் கொண்டுபோய், பூணின் இரு பக்கமும் பிடித்து, கைகளை அசைக்காமல் முழங்கால்களை மட்டும் விரியுங்கள். நேரான இழுப்பு கிடைக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் இன்னொருவரைக் கூப்பிட்டு, பூணின் இருபக்கமும் ஆளுக்கு ஒரு கை வைத்து, இருவரும் ஒரே நேரத்தில் இழுங்கள். பிரிந்ததும் உட்புறத்தைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, எண்ணெய் எதுவும் போடாமல் உலரவிடுங்கள்.